பசுமை நாகமுத்து

கேமரா முன் நிற்கும்போது மட்டும் நாகமுத்து கையுறை போடுவார். படம் எடுத்து முடிந்ததும் அதைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வெறுங்கையால் பழைய கணினியின் வயிற்றைப் பிளக்க உட்கார்ந்துவிடுவார்.

புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ‘பசுமை நாகமுத்து’ என்றால் தெரியாதவர் இல்லை. பட்டத்தைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவர். கோயில் திருவிழாவில் மைக் கிடைத்துவிட்டால் லேசில் விடமாட்டார். "மின்கழிவ குப்பையில போடாதீங்க. ஈயம் இருக்கு, பாதரசம் இருக்கு, நம்ம பிள்ளைங்க மூச்சுக்குள்ள போகும்லா! எங்கிட்ட குடுங்க, நான் முறையா அனுப்பி வைக்கிறேன்" என்று கண்கலங்கப் பேசுவார். கேட்டவர்களும் வீட்டில் கிடந்த கணினி, தொலைக்காட்சி, ஓடாத பிரிண்டர் எல்லாவற்றையும் அவர் வேனில் ஏற்றி, நன்றியும் சொல்லி அனுப்புவார்கள். தூரத்து ஜாசினிலிருந்துகூட ஆள் வரும்.

முறையாக அனுப்பப்படுவது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் படம் ஒன்றுதான். செம்பு பழைய இரும்புக் கடைக்குப் போகும். உடைந்த திரைகள் செம்பனைத் தோட்டத்து வடிகாலுக்குப் போகும். கேபிளை உரித்துக்கொண்டிருக்க மனிதருக்குப் பொறுமை ஏது? உறையோடு இரும்புத் தொட்டியில் போட்டுக் கொளுத்திவிடுவார்.

அந்தக் கறுப்புப் புகையை அனுபவிப்பவள் அவர் மனைவி கோமளா. அவளுக்கு ஆஸ்துமா. ஒரு கீற்று உள்ளே வந்தால் போதும், ராத்திரி முழுக்க நெஞ்சு விசிலடிக்கும். போன தடவை ஆஸ்பத்திரியில், "இன்னொரு தடவை இப்படி வந்தால் காப்பாற்றுவது சிரமம்" என்று டாக்டர் அவரிடமே சொன்னார். பயபக்தியோடு தலையாட்டினார். தலையாட்டுவதில் ஆள் கெட்டிக்காரர்.

இந்த வருடப் போகியன்று விடிந்ததும் விடியாததுமாகத் தொட்டியைக் கேபிளால் நிரப்பினார். ஊரே பழைய பாயைக் கொளுத்தும் நாளில் யார் வீட்டுப் புகையை யார் கேட்கப்போகிறார்கள்?

"வேணாங்க. சனிக்கிழம ரீசைக்கிள் லோரி வருது, அதுல குடுத்துடலாம்" என்றாள் கோமளா.

"லோரியில குடுத்தா செம்பு அவனுக்குலா! நமக்கு என்னா இருக்கு? போகியன்னிக்குப் பழச எரிச்சாதான் வீட்டுக்கு நல்லது. நீ கதவ சாத்திக்கிட்டு உள்ள இரு."

புகையைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு முனியாயி அக்காள் கிழிந்த தலையணையோடு வந்து, "போகியா தம்பி? இதையும் போடு" என்று வேலிக்கு மேலாக வீசிவிட்டுப் போனார். நாகமுத்து தொட்டியை நோக்கிக் கைகூப்பினார். வெட்கம் என்பது அவர் பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை.

பிறகு காற்று திரும்பியது. சமையலறை ஜன்னல் இடுக்கு வழியாகப் புகை நுழைந்தது. கோமளா இன்ஹேலரை அழுத்தினாள், தீர்ந்து போயிருந்தது. ஜன்னலைத் திறந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க... மூச்சு..." என்றாள். அதற்குமேல் குரல் எழும்பவில்லை.

நாகமுத்து நிமிர்ந்தார். காற்று போகும் திசையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. தண்ணீர்க் குழாய் அவர் காலடியிலேயே கிடந்தது. அவர் பதறி எழுந்ததைப் பார்த்தபோது, இத்தனை வருடம் குடித்தனம் செய்த பிறகும், கோமளாவுக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

அவர் குழாயைத் தாண்டி ஓடினார். கொடியில், அவளுடைய சேலைகளுக்கு நடுவே, மாலை கோயில் விழாவில் மைக் பிடிப்பதற்காகத் துவைத்துப் போட்டிருந்த பச்சை டீ-சர்ட் ஆடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் உருவி, மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார்.