மண்டோர் குமுதவல்லியும் மஞ்சள் விளக்கும்

என் பெரியம்மா குமுதவல்லிக்கு வயது ஐம்பத்து நான்கு. மலேசியாவில், சிரம்பானிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் செம்பனைத் தோட்டத்தில், மருந்தடிக்கும் கும்பலுக்கு அவர்தான் மண்டோர். அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் வங்காளதேசத்துக்காரர்கள். திட்டித் திட்டியே அவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டார்.

போன வருடம் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்ததில், முட்டிக்குள் தகடு வைக்க வேண்டியதாயிற்று. "இனிமே ரெண்டு சக்கரத்துல ஏறவே கூடாது" என்றார் டாக்டர். பெரியம்மா கட்டிலில் படுத்தபடியே யோசித்து, "மூணுன்னா?" என்று கேட்டாராம். டாக்டர் சிரித்தார். பெரியம்மா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

அப்படி வந்ததுதான் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று சக்கரம் வைத்த அந்தப் பழைய ஸ்கூட்டர். நின்றால் முன் சக்கரங்கள் சாயாதபடி பூட்டிக்கொள்ளும், காலை ஊன்ற வேண்டியதில்லை. மழை ரோட்டில் பின் சக்கரம் வழுக்கினால் என்ஜின் தானாகவே வேகத்தை அடக்கிக்கொள்ளும். அப்போது மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கும். அதில் டி, சி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள்.

"டிசின்னா என்னான்னு தெரியுமா பெரியம்மா?"

"இதுகூடத் தெரியாமலா நீ நாலு வருசம் ஊர் சுத்துன? டேக் கேர் லா!"

பெரியப்பா மகேந்திரன் ஜொகூருக்கு லோரி ஓட்டுகிறவர். தினமும் காலையில் அவரிடமிருந்து வாட்சப்பில் நான்கே எழுத்து வரும்: ஜிஎம் டிசி. குட் மார்னிங், டேக் கேர். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் பேசிய ஆசை வார்த்தை அவ்வளவுதான். அதனால் மஞ்சள் விளக்கு மினுக்கும்போதெல்லாம் பெரியம்மாவுக்கு லேசாக வெட்கம் வரும். உடனே வேகத்தைக் குறைத்துவிடுவார்.

வியட்நாமில் ஒரு மழைக்காலம் முழுக்க வாடகை மோட்டாரில் சறுக்கித் திரிந்தவள் என்ற தைரியத்தில், அதற்கு அர்த்தம் வேறு, சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் 'டிராக்‌ஷன் கன்ட்ரோல்' என்றேன்.

"ஒனக்கு எவனும் டிசி அனுப்பல. அதான் தெரியல."

பெரியம்மாவின் மகள் லோகேஸ்வரி அக்காவுக்குச் சிரம்பான் பக்கம் ராசாவில் வீடு, பேங்கில் வேலை. அம்மா வேலையை விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று அவள் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை, மழை கொட்டும்போது காரிலேயே வந்து இறங்கினாள்.

"இந்த மழைல ஒம்பதாம் நம்பர் செம்மண் மேட்ட ஏறிக் காட்டும்மா. கால ஊனுனாலோ விழுந்தாலோ வண்டிய வித்துட்டு என்கூட வர்ற."

"ஏறிட்டா?"

"ஒன் இஷ்டம். இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

பெரியம்மா மழைக்கோட்டை மாட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். அக்கா காரில் தொடர்ந்து வந்தாள்.

தார் ரோட்டில் ஒரு குறையுமில்லை. மில் சந்திப்பில் வெள்ளைக் கோட்டின் மேல் பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கியது. விளக்கு மினுக்கியது, வண்டி தானே நிதானமானது, பெரியம்மா புன்னகைத்தார். செம்மண் மேட்டில்தான் வினை. பாதி ஏறியதும் விளக்கு விடாமல் மினுக்க, என்ஜின் முனகியது, வண்டி நகராமல் நின்றுவிட்டது. முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டதால் நாங்கள் விழவில்லை.

"கால் ஊனல!" என்று பெரியம்மா பின்னால் பார்த்துக் கத்தினார். பிறகு மீட்டரைப் பார்த்து, "நானும் கேர் எடுத்துக்கிட்டுதானே இருக்கேன்! இன்னும் என்னா வேணும் ஒனக்கு?" என்றார்.

"பெரியம்மா, சக்கரம் சறுக்குனா அது என்ஜின இழுத்துப் புடிக்குது. தாருல அது நல்லது. சகதில சக்கரம் கொஞ்சம் வெறுமனே சுத்துனாதான் ஏறும். அந்த டிசிய அணைங்க."

"ஒங்க பெரியப்பாவ அணைக்கவா? நட்ட நடு மேட்டுலயா?"

"பெரியம்மா! பட்டன அமுக்குங்க!"

அமுக்கி, ஆக்சிலரேட்டரை முறுக்கினார். பின் சக்கரம் வெறி பிடித்தாற்போல் சுழன்றது. கிளம்பிய சகதியெல்லாம் அக்காவின் கார் கண்ணாடியில் போய் அப்பியது. வண்டி ஆடி அசைந்து, எருமைபோல் மூச்சு வாங்கி, உச்சிக்கு ஏறிவிட்டது. மேலே போனதும் பெரியம்மா முதல் வேலையாக அதே பட்டனை மறுபடி அமுக்கினார். "பாவம், மனுசன் பயந்திருப்பாரு."

கண்ணாடியைச் சகதி மறைத்ததில் அக்கா பிரேக் போட்டிருக்கிறாள். நின்ற கார் மறுபடி நகரவில்லை. அழுத்த அழுத்தச் சக்கரம் மண்ணுக்குள் இறங்கியது. நாங்கள் மெல்ல இறங்கி வந்தபோது, அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி மழையில் நின்றிருந்தாள்.

"அலாமாக்" என்றார் பெரியம்மா. "டிராக்டரக் கூட்டிட்டு வரணும். ஏறு."

"இதுலயா?"

"இல்ல, பஸ்ஸு வரும். நில்லு."

என்னைக் காருக்குக் காவல் வைத்துவிட்டு, அக்கா ஏறி உட்கார்ந்தாள். வளைவு தாண்டும்வரை "மெதுவாம்மா! மெதுவா லா!" என்ற அலறல் கேட்டது. தார் ரோட்டை அடைந்ததும் அதுவும் நின்றுவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து டிராக்டர் வந்தது. அதில் டிரைவர் மாயாண்டி அண்ணன் மட்டும்தான் இருந்தார்.

"அவங்க எங்கண்ணே?"

"கடையில ரொட்டி சானாய் சாப்புடுறாங்க. மழ விட்டதும் அந்தப் பொண்ணு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணுமாம். ஒன்ன சங்கிலி கட்டச் சொன்னாங்க."

சங்கிலியை வாங்கிக்கொண்டு நான் சகதியில் இறங்கினேன்.