தாடி மேஸ்திரியின் மாஸ்க்

தாடி மேஸ்திரியைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. அவரைத் தெரியாதவர்களுக்கும் தாடியைத் தெரியும். சாரத்தின் உச்சியில் அவர் நின்றால் கீழே இருப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஆள் அதற்குப் பின்னால்தான். நெஞ்சுவரை இறங்கிய தாடி. மற்ற மேஸ்திரிகள் துண்டுப் பென்சிலைக் காதில் செருகுவார்கள், இவர் தாடியில் செருகுவார். செருகியதை மறந்துவிட்டு, "என் பென்சிலை எவன்டா எடுத்தது?" என்று சத்தம் போடுவார். கூடவே வேலை பார்க்கும் வெல்டர் நிதானமாக வந்து, தாடிக்குள் விரலை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுப்பார்.

"நல்லாத் தேடினா போன மாசம் காணாமப் போன ஸ்பேனரும் இதுக்குள்ளதான் இருக்கும் மச்சான்."

அந்தத் தாடிக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காதல் தோல்வி என்பது வெல்டர் கிளப்பிவிட்ட கதை. அது மேஸ்திரியின் மனைவி காதுக்கும் போனது. "என்னைக் கட்டினப்புறம் இவருக்குத் தோத்துப்போறதுக்கு ஏது நேரம்?" என்று அவள் சிரித்ததோடு சரி. உண்மைக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மேஸ்திரிக்கு ஓர் அண்ணன் இருந்தார். சரக்கு லாரி ஓட்டியவர். ஒரு மழை நாளில் வளைவில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். கன்னம், தாடை, சிரிக்கும்போது விழும் குழிவரை ஒன்றுதான். அண்ணன் போன பிறகு, தம்பி வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அம்மா நிமிர்ந்து பார்த்து, "பெரியவனே, வந்துட்டியா?" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் தானே உணர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "நான் சின்னவன்மா" என்று இவர் சொல்ல, அவள் அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரமாட்டாள். நாலைந்து தடவை இப்படி ஆனபின் இவர் சவரம் செய்வதை விட்டுவிட்டார். தாடி வளர வளர அந்தத் தப்பும் நின்றது. ஏன் வளர்க்கிறாய் என்று அம்மா கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

இப்படி வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் தொடக்கப் பள்ளிக்கூட வேலை வந்தது.

பழைய கட்டடம். குழந்தைகளின் முழங்கால் உயரத்துக்கு பெஞ்சுகள், சுவரெல்லாம் வாய்ப்பாடு, வராந்தாவில் நூறு கை பட்டு வழவழப்பாகிப்போன தூண்கள். விடுமுறைக்குள் கூரையைப் பிரித்துப் புதுக் கூரை போட வேண்டும். பிரிக்க வேண்டியது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதற்கு அடியில், வெயில் இறங்காமல் இருக்க அடித்திருந்த பலகைகளும் அதே சரக்கு. அண்ணனும் தம்பியும் அந்தக் கூரையின் கீழ்தான் படித்தார்கள். மழை பெய்தால் ஷீட்டின் மேல் விழும் சத்தத்தில் டீச்சர் வாய் அசைவதுதான் தெரியும், பாடம் கேட்காது. அண்ணனுக்கு மழைக்காலம் என்றால் அவ்வளவு இஷ்டம். அதனாலோ என்னவோ, இந்த வேலையை வேறு யாருக்கும் விட மேஸ்திரிக்கு மனசில்லை.

முன்பெல்லாம் இந்த ஷீட்டைப் பிரிப்பது அரைநாள் கூத்து. சம்மட்டியால் ஒரு போடு போட்டால் பொலபொலவென்று உதிரும்; கீழே நிற்பவன் ஒதுங்கிக்கொண்டால் போதும். இப்போது அப்படிச் செய்ய முடியாது. உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் கிளம்பும், மூச்சோடு நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், எத்தனையோ வருஷம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கப் பாதுகாப்பு அதிகாரியாக ஓர் இளம்பெண் வந்திருந்தாள். எல்லோருக்கும் அவள் 'மேடம்'. சோப்புத் தண்ணீர் அடித்து ஷீட்டை ஊறவைக்க வேண்டும், கொக்கியை மெல்லக் கழற்ற வேண்டும், முழு ஷீட்டாக இறக்கித் தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்ட வேண்டும்.

"தூங்குற குழந்தையைத் தொட்டில்ல போடுற மாதிரி இறக்கணும்" என்றாள்.

"எங்க வீட்டுக் குழந்தைங்களையே நான் அப்படிப் போட்டதில்ல மேடம்" என்றார் வெல்டர்.

அடுத்தது மாஸ்க். கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் மாஸ்க். அது சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருந்தது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டதும் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தைக் கவிழ்ப்பார்கள். அதற்குள் கசப்பு மருந்து ஒன்றைப் புகை மாதிரி அடிப்பார்கள். வாயில் கசந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம்.

வெல்டர் தேறினார். மற்றவர்களும் தேறினார்கள். மேஸ்திரி முறை வந்தது. மாஸ்க்கை அமுக்கினால் தாடி எழும்பியது, தாடியை அமுக்கினால் மாஸ்க் எழும்பியது. ஒருவழியாக வாரை இழுத்துக் கட்டிக் கூடாரத்தைக் கவிழ்த்தார்கள்.

"கசக்குதா அண்ணா?"

"இல்ல மேடம்."

"நிஜமாவா?"

"சுத்தமா இல்ல." கண் இரண்டிலும் தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. புருவம் முறுக்கிக்கொண்டு நின்றது. வெல்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மச்சான், உன் மூஞ்சியைப் பார்த்து எனக்கே கசக்குது!"

மேடம் சிரிக்கவில்லை. "தாடி இருந்தா உள்ள விடமுடியாது அண்ணா. முன்னால நிக்கிற மேஸ்திரி உள்ள வரலைன்னா இந்தக் கோஷ்டிக்கே அனுமதி இல்ல. நாளைக்குள்ள சொல்லுங்க."

மேஸ்திரி லேசில் விடுகிற ஆள் இல்லை. அன்று சாயங்காலமே மனைவியை உட்காரவைத்துத் தாடியை இறுக்கமாகப் பின்னச் சொல்லி, வாஸ்லைன் டப்பா ஒன்றை முழுசாகப் பூசி, கன்னத்தோடு படியவைத்தார். சிமெண்டுப் பூச்சில் விரிசலை அடைப்பவருக்கு இது ஒரு வேலையா? மறுநாள் சோதனையில் மாஸ்க் வாஸ்லைனில் வழுக்கிக்கொண்டு தொண்டைவரை இறங்கிவிட்டது. கசப்போடு வாஸ்லைனும் வாய்க்குள் போனது. மேடம் இந்தத் தடவை சிரித்தே விட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் சலூன் வாசலில் வெகுநேரம் நின்றார். உள்ளே கூப்பிட்ட சவரக்காரரிடம், "சும்மா பார்த்துட்டு இருக்கேன்" என்றார். தாடி போனால் அம்மாவுக்கு மறுபடியும் அந்த முகம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடியும் அந்தக் குரல், அதற்குப்பின் அடுப்படியின் மௌனம். இத்தனை வருஷம் மூடிவைத்ததை ஒரு கூரைக்காகத் திறப்பதா? ஆனால் பிள்ளைகள் உட்காரப்போகிற இடம். வேறொருவன் வந்து சம்மட்டியால் தட்டிவிட்டுப் போனால்?

உள்ளே போய் உட்கார்ந்தார். கத்தரி ஓடி முடிந்ததும் மடியில் கிடந்ததைப் பார்த்துச் சவரக்காரர், "இதுல ஒரு தலையணை தைக்கலாம்ணே" என்றார். கத்தியும் ஓடிய பிறகு கண்ணாடியில் தெரிந்தது அண்ணன். அவருக்கு வணக்கம் சொல்லாத குறையாகக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

அம்மாவிடம் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று பட்டது. பல் வலி என்று சொல்லி முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்ளும் யோசனை அவருடையது. அதில் திருத்தம் செய்தது மனைவி.

"தாடி இருந்த இடம் பள்ளமாத் தெரியுதுங்க. உங்கம்மாவுக்குக் கண்ணு கழுகு." பழைய தலையணை உறை ஒன்றைச் சுருட்டித் துண்டுக்குள் திணித்தாள். பார்க்க அசல் தாடி மாதிரியே புடைத்துக்கொண்டு நின்றது.

அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னாள். ஒவ்வொரு நாளும், "எந்தப் பல்லுடா?" என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் இவர் வேறு பல்லைக் காட்டினார்.

இதற்கிடையே பள்ளிக்கூடத்தில் வேலை மும்முரமாக நடந்தது. வகுப்பறைகளின் வாசலையும் ஜன்னலையும் பிளாஸ்டிக் போட்டு அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிச் சுத்தம் செய்ய இயந்திரம் வைத்திருந்தார்கள். மொழுமொழு கன்னத்தில் மாஸ்க் அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டது. வெளியே வருவதற்கு மூன்று சின்ன அறைகள். முதல் அறையில் மேலுடையைக் கழற்றிப் பையில் போட வேண்டும், இரண்டாவதில் மாஸ்க்கோடு குளித்துவிட்டு அங்கேயே அதைக் கழற்ற வேண்டும், மூன்றாவதில் சொந்தத் துணி. குளிக்காமல் ஒருவரும் வெளியே கால் வைக்கக் கூடாது. மேஸ்திரி காலையில் உள்ளே போகுமுன் தன் துண்டையும் தலையணை உறையையும் வேலியில் காயப்போட்டுவிட்டுப் போவார். கன்னத்து வியர்வையில் இரண்டும் நனைந்திருக்கும்.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரி பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொன்னாள்: "உங்க மகன் பிரிக்கிற ஷீட்டு விஷமாமே. மூச்சுல போனா வெளிய தெரியாதாம், உள்ளுக்குள்ளயே தின்னுடுமாம்."

அம்மாவுக்குச் சுரீரென்றது. வாயை மூடிக்கட்டிய துண்டு. தினமும் இடம் மாறும் பல் வலி. கேட்டால் முகம் கொடுக்காத மகன். ஒருத்தனைச் சொல்லாமல் கொள்ளாமல் பறிகொடுத்தவள். கட்டியிருந்த புடவையோடு பஸ் ஏறினாள்.

பள்ளிக்கூட வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. மேடம் ஓடிவந்து தடுத்தாள்.

"என் பிள்ளை உள்ள இருக்கான். வெளிய கூப்பிடு."

"வருவாரும்மா. குளிச்சிட்டுத்தான் வரமுடியும்."

"அவனுக்கு வீட்டுல குளியலறை இருக்கு."

"இங்கதான் குளிக்கணும். குளிக்காம யாரையும் விடமாட்டோம்."

அந்தக் கோபத்திலும் அம்மாவுக்கு ஒரு சின்ன வியப்பு. "அவனைக் குளிக்க வைக்கிறியா நீ? நான் பிரம்பை எடுத்தாத்தான் நடக்கும்."

அப்போதுதான் வேலியைப் பார்த்தாள். மகனின் துண்டு. பக்கத்தில், பூப்போட்ட தலையணை உறை. போன வாரத்திலிருந்து அவள் தேடிக்கொண்டிருக்கும் உறை. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கையில் மூன்றாவது அறையின் கதவு திறந்தது.

அம்மா வந்திருப்பதாக மேஸ்திரிக்கு உள்ளே சொல்லியிருந்தார்கள். துண்டு வேலியில் இருந்தது. வேலியருகே அம்மா இருந்தாள். கையால் முகத்தை மூட ஒரு கணம் தோன்றியது; பிறகு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்படியே நடந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது.

அம்மா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சின்னவனே" என்றாள் அம்மா. "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லம்மா. மாஸ்க்கு ஒட்ட மாட்டேங்குதுன்னு எடுத்துட்டேன்."

"பல்லு?"

"அது... பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அம்மா கையை நீட்டி அவர் தாடைக்கு அடியில் விரலால் தடவினாள். சின்ன வயதில் இதே பள்ளிக்கூடத்து மதிலிலிருந்து விழுந்தபோது பட்ட தழும்பு. "இருக்கு" என்றாள். "அவனுக்கு இது கிடையாது."

"நீ பார்த்தா அழுவேன்னுதான்மா..."

"அழுதா என்னடா? அழுதுட்டுப் போறேன். அதுக்காக மூஞ்சியை மூடுவாங்களா? அவனைத்தான் பார்க்க முடியலைன்னா உன்னையுமில்ல ஒளிச்சு வெச்சுட்ட." தலையணை உறையை உதறினாள். "இது என்ன கணக்கு? உன் பொண்டாட்டி வேலையா?"

"அவதான்."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிறேன்."

பின்னால் நின்ற வெல்டர் மேடத்திடம் மெல்ல, "கசப்பு மருந்து மிச்சம் இருக்கா மேடம்? எனக்குக் கண்ணுல தண்ணி வருது, காரணம் வேணும்" என்றார்.

விடுமுறை முடிவதற்குள் கடைசி ஷீட்டும் முழுசாக இறங்கிப் பொட்டலமாகப் போனது. காற்றைச் சோதித்துச் சுத்தம் என்று சொன்ன பிறகே புதுக் கூரை ஏறியது. மேஸ்திரி மறுபடி தாடி வளர்க்கவில்லை. காலையில் அவர் சவரம் செய்யும்போது அம்மா எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இங்கே விட்டுவிட்டாய், அங்கே விட்டுவிட்டாய் என்று மேஸ்திரிக்கே மேஸ்திரி வேலை பார்ப்பாள். பென்சில் காதுக்குக் குடிமாறியது.

சாயங்காலங்களில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சில நாள் உள்ளேயிருந்து குரல் வரும்.

"பெரியவனே, வந்துட்டியா?"

இப்போது அவர் திருத்துவதில்லை.

"வந்துட்டேன்மா. என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லடா. சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன். கை கால் கழுவிட்டு வா."