ஊதுகுழலைப் பற்றி யாரும் சொல்லவில்லை

1946ஆம் வருஷம் ஆகஸ்டு 29ந் தேதி, அரியலூர்ப் பல் டாக்டர் இளையபெருமாள், குரும்பலூரில் பொன்வேலை செய்யும் அமிர்தலிங்க ஆசாரியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபின், செய்யத் தகாதவற்றை முழுமையாகச் சொல்லாமல் அனுப்பினார் என்பதே ஆசாரியின் குற்றச்சாட்டு.

சொன்னவற்றை ஆசாரி எழுதியே வாங்கி வந்திருந்தார். காறி உமிழக் கூடாது, அன்று வாய் கொப்பளிக்கக் கூடாது, வெற்றிலையும் சுருட்டும் ஆகாது, ஆறிய கஞ்சிதான். மறுநாள் முதல் உப்புவெந்நீர். ஒன்றையும் அவர் மீறவில்லை. ஊறிய இரத்தத்தையும் விழுங்கினார். வெற்றிலைப் பெட்டியைப் பூட்டிச் சாவியை மனைவி கிருஷ்ணம்மாளிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை, குன்னத்து வைரக்கண்ணு தன் மகளின் தாலிக்குப் பொன் உருக்க நல்ல நேரம் குறித்துக்கொண்டு, தேங்காய் பழத்தோடு சம்பந்தியையும் அழைத்து வந்துவிட்டார். அந்த நேரத்தைத் தள்ளிப்போட முடியாது. ஆசாரி ஊதுகுழலை வாயில் வைத்து, பொன் இளகும்வரை கன்னம் புடைக்கக் கரித்தணலை ஊதினார்.

ஞாயிறன்று வலி காதுக்கு ஏறியது. வாய் நாறியது. கண்ணாடியில் பார்த்தால் பல் இருந்த குழியை மூடியிருந்த இரத்தக்கட்டைக் காணோம். வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

"திருட்டுத்தனமா வெத்தலை போட்டிருப்பீங்க," என்றாள் கிருஷ்ணம்மாள்.

"சாவி ஒன் இடுப்புலதானே இருந்துச்சு?"

"அப்ப உப்புத்தண்ணிதான் அரிச்சிருக்கும்."

வைரக்கண்ணு வந்து தாலியைப் பார்த்தார். துண்டுகளை ஒட்டிப் பற்றவைக்காமல் பாதியில் கிடந்தது.

"புடுங்குனது பல்லைத்தானே ஆசாரியாரே, கையை இல்லியே?"

"ஒட்டுப்பொடி வச்சுப் பத்தவைக்கணும்னா ஊதணும். ஊதுனா உசிரு போவுதுங்க."

"உருக்குன கையாலயே முடிக்கணும்னு வூட்ல சொல்றாங்க. கல்யாணத்துக்கு முந்தி ஆவுமா, ஆவாதா? அதைச் சொல்லுங்க."

மறுநாளே ஆசாரி அரியலூருக்குப் பஸ் ஏறினார்.

டாக்டர் குழியைக் கழுவி, கிராம்புத் தைலம் தோய்த்த பஞ்சை வைத்தார். "எதையாவது உறிஞ்சினீரா? ஊதினீரா?"

"ஊதுறதுதானுங்களே தொழில்."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலீங்களே."

வெளியே வந்தால் கம்பவுண்டர் ராசாங்கம், வேர்நுனி தங்கியிருந்தாலும் இப்படித்தான் வலிக்கும் என்றார். மனைவி ஒன்று, டாக்டர் ஒன்று, கம்பவுண்டர் ஒன்று. எதை நம்புவது? வீட்டுக்கு வந்தவர் பழைய குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு டாக்டருக்கு எழுதினார்:

"தங்கள் குறிப்பில் ஊதக் கூடாது என்று ஒரு வரியும் இல்லை. ஊதியதால் இரத்தக்கட்டு போனதா, அல்லது வேர் தங்கியிருக்கிறதா? ஊதுகுழலை நான் எந்தத் தேதியில் வாயில் வைக்கலாம்? ஒரு பெண்ணின் தாலி பாதியில் நிற்கிறது. ஆள்மூலம் சொல்லியனுப்ப வேண்டாம். தங்கள் கையெழுத்திட்டு எழுத்தில் பதில் தரவும்."