எண்ணெய் தேய்த்துக்கொண்ட நாயும் எங்கள் தெய்வானையும்

"பெரியம்மா, அம்மா காலையில போயிட்டாங்க" என்று தொலைபேசியில் செல்வம் சொன்னான். எப்படி என்று கேட்டேன். "பூனைக்கு மீன் அவிச்சி வெச்சாங்க. நாற்காலியில உட்கார்ந்தாங்க. அவ்வளவுதான்." பூனை சாப்பிட்டதா என்று கேட்டேன். "சாப்பிட்டிச்சு" என்றான். அப்படியானால் தெய்வானை வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அழுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் அழுதான், அது அவன் உரிமை.

தெய்வானை என் ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி. மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற ஊரில் ஒரே கூரையின் கீழ், மாமியாரோடும் ஐந்து பிள்ளைகளோடும் பல ஆண்டுகள் வாழ்ந்தோம். இறந்தவர்களைப் பற்றிப் பொய் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. அவளுக்குச் சமையல் வராது. பேச்சில் நயம் கிடையாது. ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் ஒரு வாயில்லா உயிரை எப்படி அழைத்து வரவேண்டும் என்பதை அவளைப் போல் அறிந்தவரை நான் கண்டதில்லை. அவளோடு பழகி, இந்த அஞ்சலியை வாசிக்கும் நீங்கள் இதை மறுக்கமாட்டீர்கள்.

நாடு விடுதலையை எதிர்நோக்கியிருந்த காலம் அது. பிள்ளைகள் நாய்க்குட்டி வேண்டும் என்று அரித்தெடுத்தார்கள். தெய்வானை முதலில் அனுமதி கேட்டது எங்கள் மாமியாரிடம் அல்ல. வேலிக்கு அப்பால் இருந்த மலாய்க்கார அம்மாவிடம். நாயின் ஈரம் பட்டால் அவர்களுக்குத் தொழுகைச் சுத்தம் கெடும் என்பது அவளுக்குத் தெரியும். வேலியை நெருக்கிக் கட்டி, நாய்க்குப் பின்வாசல், விருந்தினருக்கு முன்வாசல் என்று பேசி முடித்தபிறகே வீட்டில் வாயைத் திறந்தாள். ஏன் இந்தத் தலைகீழ் வரிசை என்று கேட்டேன். "வீட்டுல உள்ளவங்க எப்படியும் பழகிக்குவாங்கக்கா. பக்கத்து வீட்டுக்காரங்க பழகணும்னு என்ன தலையெழுத்து?" என்றாள்.

மாமியார் ஒரே நிபந்தனையோடு இசைந்தார்: "ஒரு பிரச்சினை வந்திச்சின்னா, அன்னைக்கே நாய் வெளிய போகணும்."

பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருந்த அவளுடைய தாய்வீட்டிலிருந்து பிஸ்கட் டின்னுக்குள் உட்கார்ந்து வந்தது குட்டி. பிள்ளைகள் பாய்ந்தார்கள். தெய்வானை டின்னைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாள். "இன்னைக்கு யாரும் தொடக்கூடாது. இவனைக் கண்ணெடுத்தும் பார்க்கக்கூடாது. நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு என்னை இப்படி ஒரு மூலையில சும்மா உட்காரவிட்டிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!" உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது: "காதுல விழுது!" "விழட்டும்னுதான் சொன்னேன், அத்தை."

பெயர் வைப்பதில் பெரிய சச்சரவு. தெருவெங்கும் முழங்கிய சொல் பிள்ளைகளின் வாயிலும் இருந்ததால், விடுதலை என்று பொருள்படும் 'மெர்டேக்கா' என்றே வைக்க வேண்டும் என்றார்கள். "தெருவுல நின்னு மெர்டேக்கான்னு கூப்பிட்டா ஊரே திரும்பிப் பார்க்கும். இவன் மட்டும் பார்க்கமாட்டான்" என்று தெய்வானை தள்ளுபடி செய்தாள். மணி என்று பெயரானது. சோறு வைப்பது அவளுடைய மூத்தவன் செல்வத்தின் பொறுப்பு. அவனுக்கு அப்போது ஏழு வயது. மணி தின்றபிறகே அவன் தின்னலாம். காக்கைக்கு வைத்துவிட்டு உண்ணும் குடும்பத்தில் இது புதுமையா என்பது அவள் வாதம்.

சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு நல்லெண்ணெய்க் குளியல். உண்ணி பிடிக்காமலிருக்க மணிக்கு வேப்பெண்ணெய். அப்போது கழுத்துப் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். நகராட்சி கொடுத்த உரிமத் தகடு அந்தப் பட்டையில்தான் தொங்கும். வெறிநாய்ப் பயம் இருந்த காலம்; தகடு இல்லாமல் தெருவில் திரியும் நாயைச் சுட்டுவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை தெருவில் ஐஸ் விற்பவரின் மணியோசை கேட்டது. சற்று நேரத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட மணி முன்வாசல் வழியே தெருவுக்குப் பறந்தது. தெரு முனையில் நகராட்சி ஆட்கள் துப்பாக்கியோடு நின்றிருந்தார்கள்.

நான் வாசலுக்கு வந்தபோது பிள்ளைகள் ஓட எத்தனித்தார்கள். "ஒருத்தரும் அசையக்கூடாது! நீங்க ஓடினா அவனும் ஓடுவான்" என்று தெய்வானை அவர்களை நிறுத்தினாள். ஈரத் தலையோடு, நடந்துதான் போனாள். துப்பாக்கிக்கும் நாய்க்கும் நடுவே தார் ரோட்டில் உட்கார்ந்தாள். பிடிக்கப் பார்த்தால் மணி வழுக்கியது. முந்தானையை அதன் கழுத்தில் சுற்றி இறுக்கினாள்.

துப்பாக்கிக்காரர் நம் தமிழ் ஆள்தான். "தள்ளும்மா. லைசென்ஸ் எங்க?"

"ஆணியில தொங்குது, அண்ணே."

"கழுத்துல இருக்கணும்னு சட்டம்."

"குளிச்சிக்கிட்டு இருக்கான். நீங்க என்ன, சட்டை சிலுவாரோடயா குளிப்பீங்க?"

உடன் வந்தவர் சிரித்துவிட்டார். துப்பாக்கிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தகட்டைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னொரு தடவை பார்த்தா கேட்டுக்கிட்டு நிக்கமாட்டேன், தங்கச்சி" என்று துப்பாக்கியைத் தோளில் மாட்டினார்.

ஆபத்து அத்துடன் தீரவில்லை. வாசலில் மாமியார் நின்றிருந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன். துப்பாக்கி வாசல்வரைக்கும் வந்திருச்சு. நாய் இன்னைக்கே போகணும்."

தெய்வானை பிள்ளைகளைப் பார்த்து, "முன்கதவை யாரு திறந்தது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா. ஐஸ் வாங்க" என்றான் செல்வம்.

"சரி. அத்தை, பிரச்சினையைக் கொண்டு வந்தவங்க வெளிய போகணும். அதானே? செல்வம், உன் சட்டையை எடுத்துக்கிட்டு வா."

அவன் உள்ளே போனான். எண்ணெய் உடம்பின்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "மணிக்குச் சாயங்காலம் யாரு சோறு வைப்பா?" என்று மட்டும் கேட்டான்.

மாமியார் அவன் சட்டையில் ஊறிய எண்ணெயைப் பார்த்தார். பிறகு, "போதும்டி. ரெண்டும் இங்கயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன்பின் நாயை விரட்டும் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. மணி அந்த வீட்டிலேயே நரைத்து, அந்த வீட்டிலேயே செத்தது.

மாமியார் 'போகட்டும்' என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிறகொரு நாள் கேட்டேன். "பத்து பெரெண்டாமுக்கு மூணு பேரும் போயிருப்போம்" என்றாள். மூன்றாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை.

அவள் உயிர்களிடம் அன்பு கொண்டவள் என்று சாவு வீட்டில் பலர் சொன்னார்கள். அன்பு எல்லோருக்கும் வரும். ஐஸ் விற்பவரின் மணியோசை கேட்கும்வரை நிற்கும். தெய்வானையிடம் இருந்தது நியாயம். வாய் பேசத் தெரியாததன் தலையில் பழியைப் போட அவள் யாரையும் விட்டதில்லை, தான் பெற்ற பிள்ளையையும் விட்டதில்லை.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு கேள்விதான். ஆசிரியையாக வகுப்பறைகளில் அதைக் கேட்டிருக்கிறேன். குடும்பச் சண்டைகளில் கேட்டிருக்கிறேன். எது கெட்டாலும், கதவைத் திறந்தது யார்? இந்த வயதில் பெரும்பாலும் என் பெயரே விடையாக வருகிறது. இனிமையான கேள்வி அல்ல அது. தெய்வானையும் இனிமையானவள் அல்லள். இரண்டையும் இத்தனை காலம் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.