வெட்டாத சேட்

அம்மா இருந்தார். மச்சாள், என் அண்ணனின் மனைவி, இருந்தார். மாதர் சங்கத்து அக்கா வந்து கதிரையில் இருந்தார். நான் வாசலில் நின்றேன். அண்ணன் இல்லை. கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்காலில் காணாமற் போனவர்.

"ஒரு சாண் துணி காணும் அம்மா," என்றார் சங்கத்து அக்கா. "காணாமற் போன ஒவ்வொருத்தற்ற உடுப்பிலையும் ஒரு துண்டு. எல்லாத்தையும் சேர்த்து ஒரு போர்வை தைக்கிறம். எங்கட ஊர்க் கதை அதில கிடக்கும்."

"செத்தவன்ர உடுப்பைத்தான் வெட்டுறது," என்றார் அம்மா.

அண்ணனுடையதென்று ஒரு சேட்தான் மிஞ்சியது. நீலக் கோடு போட்டது. மாதத்துக்கு ஒருமுறை மச்சாள் அதைத் தோய்ப்பார், நிழலில் காயவைப்பார், மடித்து அலுமாரியில் வைப்பார். வந்தால் போட வேண்டுமாம்.

மச்சாளின் தங்கை வவுனியாவில் தையற்கடை வைத்திருக்கிறார். வா, வா என்று கூப்பிட்டுக் களைத்துவிட்டார். அவன் வரும்போது பெண்சாதி வீட்டில் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் கதை. மல்லாவிச் சந்தைக்கென்றாலும் மச்சாள் கேட்டுவிட்டுத்தான் போவார். பொழுதுபட முன் திரும்பிவிடுவார்.

சேட்டில் துண்டு கொடுத்தால் அண்ணன் இல்லை என்றாகிவிடும். இல்லை என்றானால் மச்சாள் போகலாம். அது எல்லோருக்கும் தெரியும். மச்சாள் சேட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"இந்தச் சேட் இப்ப அவருக்கு அளவா இருக்குமோ அம்மா?" என்றார் சங்கத்து அக்கா. "எங்கட ஆளுக்கு வயிறு வண்டி வைச்சு, ஒரு சேட்டும் பூட்டேலாது."

"என்ர பிள்ளை உன்ர மனுசன் மாதிரித் தின்னி இல்லை."

சங்கத்து அக்கா சிரித்தார். மச்சாளும் சிரித்தார். சிரித்தபடியே எழும்பி உள்ளே போனார். வரும்போது ஒரு கையில் கத்தரிக்கோல். மற்றக் கையில் தன் கலியாணக் கூறை. சிவப்பு. சண்டைக்குள் மாவுப் பையில் சுற்றிக் கொண்டுவந்தது.

"சேட் வேண்டாம் அக்கா. இதில தாறன்."

"எடியே, கூறையடி! அவன் வந்து கேட்டால்?"

"கேக்கட்டும் மாமி. நான் சொல்லுறன்."

"உனக்கென்ன விசரே?"

"இது என்ர சீலை. இதை வெட்டவும் உங்களிட்டைக் கேக்கவேணுமோ?"

கூறையின் தலைப்பில் ஒரு சாண் வெட்டினார். கத்தரிக்கோல் மொட்டை. நூல் இழுபட்டது. அம்மா சேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மச்சாள் வவுனியாவுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த மாதமும் சேட்டைத் தோய்த்தார்.

போர்வையைத் தைத்து முடித்துப் பொதுநோக்கு மண்டபத்தில் விரித்தார்கள். மச்சாளைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான்.

மச்சாள் தன் துண்டைத் தேடினார். கண்டுபிடிக்க நேரமெடுத்தது. போர்வை முழுக்கச் சிவப்பு.

பக்கத்தில் நின்ற பெண் மச்சாளைப் பார்த்தார். "உங்கட மாமியும் சேட்டை வெட்ட விடேல்லையோ?"

"ஓம்," என்றார் மச்சாள்.

நான் எண்ணினேன். ஆண்களின் உடுப்பு ஐந்து. கூறை பதினாறு.