பாலின் மேல் போட்ட பழி

மயிலம்மாளுக்குக் கன்று பிடிக்கக் கயிறு வேண்டாம். முரண்டு பிடிக்கும் கன்றின் தாடையை ஒரு கையால் ஏந்தி, மறு கையால் வாலடியைச் சொறிந்துகொண்டே சுவரோரம் ஒதுக்கிவிடுவார். ஊர் சமயபுரத்துக்கு வடக்கே. கணவர் இறந்த பிறகு, கால்நடைத் தடுப்பூசி முகாம்களை எடுத்து நடத்தும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கன்று பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஊசி போடுபவர் ஹரிபிரசாத். ஸ்ரீரங்கத்துக்காரர், அதற்கென்று பயிற்சி பெற்றவர்.

ஒருநாள் மயிலம்மாளின் ஊரிலேயே நடந்த முகாமில் கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் கண்ட மாடு சினையைத் தாங்காமல் கருவை வீசிவிடும். மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. கன்றுக்கு அது காவல். மனிதர் கண்ணில் பட்டால் நோயாகலாம் என்பதால், அருகில் நிற்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். இதை மயிலம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. கண்ணாடியும் கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மணியின் கன்று அன்று துள்ளியது. ஊசி கழன்று, மருந்து மயிலம்மாளின் வலது கண்ணில் பீச்சியடித்தது.

"ஒண்ணும் ஆகாதும்மா, தண்ணி மாதிரிதான். அடுத்த கன்னைப் பிடிங்க," என்றார் ஹரிபிரசாத்.

அம்மணிக்குப் பொறுக்கவில்லை. கண்ணில் எது விழுந்தாலும் பால் விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். "ஒன் மருந்துல நெருப்பை வைக்க! இங்க வாடி மயிலு," என்று இழுத்துப் போய், பசுவின் காம்பிலிருந்தே கண்ணுக்குள் பீய்ச்சினார்.

சில வாரங்களில் மயிலம்மாளுக்கு மாலையானால் காய்ச்சல், மூட்டெல்லாம் குடைச்சல். வலது கண் சிவந்து, பார்வையில் புகை படிந்தது. ஹரிபிரசாத் ஊர் நடுவில் நின்று, "அம்மணியம்மா விட்ட பால்தான் இப்படிப் பண்ணிடுச்சு," என்றார். அம்மணி அதன்பின் மயிலம்மாள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மயிலம்மாளும் அதையே நம்பினார்.

மன்னார்புரம் பக்கம் நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தது அப்படித்தான். கை வைத்தியத்தால் கெட்ட கண்களுக்குச் செய்யும் அறுவை சிகிச்சை பற்றி அங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. நோயாளியிடம் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதிவது என் வேலை.

"கண்ணுல என்ன விட்டீங்க?"

"பாலும்மா."

டாக்டர் உமாமகேஸ்வரி பெருமூச்சு விட்டார். "மறுபடியும் பாலா? எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஜனங்க திருந்த மாட்டாங்க." புரை விழுந்திருந்தது. அறுவைக்கு நாள் குறித்தார். மயிலம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். தப்பு செய்த பிள்ளையைப் போல அவர் ஏன் குனிய வேண்டும்? எனக்கு எரிந்தது. ஆய்வில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"எதுக்குப் பால் விட்டீங்க?"

"மருந்து தெறிச்சுது பாப்பா. கன்னு ஊசி."

டாக்டரின் பேனா நின்றது. உள்ளே கிருமி இருக்கும்போது கத்தி வைத்தால் கண்ணே போய்விடலாம் என்றார். முதலில் ரத்தப் பரிசோதனை. அதோடு, எந்த மருந்து என்று தெரிய வேண்டும். அந்தத் தடுப்பூசியில் வகைகள் உண்டு. ஒரு வகைக்கு, வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று வேலை செய்யாது. மயிலம்மாள் எண் கொடுக்க, ஹரிபிரசாத்துக்குப் போன் செய்தேன். "தடுப்பூசியால ஒண்ணும் வராதுங்க," என்று வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவே இல்லை.

"போனுன்னா வைப்பாரு. நேர்ல போவோம்," என்றார் மயிலம்மாள்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஹரிபிரசாத் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. வாசலில் நின்றோம். ஹரிபிரசாத் பைக்கில் வந்தார். கண்களில், பக்கவாட்டிலும் மூடிய, தடித்த பிளாஸ்டிக் கண்ணாடி.

"கண்ணாடி நல்லா இருக்கே சார். எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார் மயிலம்மாள்.

"கம்பெனி குடுத்ததுங்க. ரோட்டுத் தூசிக்கு..." அவர் சட்டென்று கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு மட்டுமா?"

"ஆளுக்கு ஒண்ணு வந்துச்சு. மாட்டிக்கிட்டா கன்னு மிரளும்னுதான் குடுக்கல."

"கன்னு மிரளும். உங்க வண்டி மிரளாதாக்கும்?"

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஹரிபிரசாத் குரலைத் தாழ்த்தினார். "தெறிச்சுதுன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்மா."

"எனக்குக் கண்ணு போவுதுங்க. மருந்து பேரைச் சொல்லுங்க. இல்லன்னா இங்கயே உக்காந்து, தாயை விட்ட கன்னு மாதிரி வீதி முழுக்கக் கேக்கக் கத்துவேன்."

அவர் மருந்தின் பெயரைச் சொன்னார். அங்கே நின்றபடியே டாக்டருக்கு அனுப்பினேன்.

ரத்தத்தில் அந்தக் கிருமிதான் இருந்தது. பல வாரம் மாத்திரை, காய்ச்சல் அடங்கிய பிறகு அறுவை. இப்போது வலது கண்ணுக்கு எதிரே வருவது பஸ் என்று தெரிகிறது, பலகையில் எழுதியிருப்பது தெரியவில்லை. ஆரம்பத்திலேயே ஹரிபிரசாத் வாயைத் திறந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது என்கிறார் டாக்டர்.

ஆய்விலிருந்து மயிலம்மாளை எடுத்துவிட்டார்கள். கண் கெட்டதற்குக் காரணம் பால் இல்லையாம், அதனால் அவர் அதில் சேரமாட்டாராம். தடுப்பூசி தெறித்துக் கெட்ட கண்களுக்கென்று எங்களிடம் ஆய்வு எதுவும் கிடையாது. அவருக்கு முன்பு வந்து, பால் விட்டேன் என்றவர்கள் எல்லோரும் எதற்காக விட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. அறியாமை என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிவிட்டோம்.

கட்டுப் பிரித்த அன்று அவரை ஊரில் விடப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அம்மணி வீட்டுக்கு நடந்தார். அம்மணி பால் கறந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

"உன் பாலு இல்லக்கா. மருந்துதான். டாக்டரே சொல்லிட்டாங்க."

கறவை நின்றது. அம்மணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அவன் ஊரு நடுவுல சொன்னது?"

"பொய்யிக்கா."

"அடுத்த ஊசிக்கு இங்கதான வரணும்? வரட்டும். எந்த எடத்துல சொன்னானோ அதே எடத்துல, அம்மணி மேல தப்பில்லன்னு வாயைத் தெறந்து சொல்லட்டும். பொறவு புடிக்கிற பொம்பளைங்களுக்குக் கண்ணாடியைக் குடுக்கட்டும். அது வரைக்கும் இந்தத் தெருவுல ஒரு கன்னையும் நான் அவுக்க விடமாட்டேன்." செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு மயிலம்மாளைப் பார்த்தார். "காப்பி போடறேன், உக்காருடி."