நாலு இஞ்ச் இடைவெளி

ஜன்னல் கிரில் செய்கிறவனுக்குத் தலைதான் அளவு. கம்பிக்குக் கம்பி நாலு இஞ்ச். கை நுழையும், தலை நுழையாது. தலை நுழையாத சந்தில் திருடனின் உடம்பும் நுழையாது என்று தொழில் பழகிய முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அரியலூரில் நான் தனியாகப் பட்டறை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டோரம், எந்நேரமும் புழுதி. இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டு ஜன்னல்கள் என் கையால் ஆனவை. ஒரு வீட்டிலும் எவனும் என் கம்பிக்குள் புகுந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. திமிர் என்றே சொல்கிறேன், இனி அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய்வருவது வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று அவள் மூச்சை எண்ணுவேன். ஒன்று தாமதித்தால் என் மூச்சும் நின்றுவிடும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அங்கிருந்த நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மல்லாக்கப் படுக்க வைங்க சார். படுக்கை சமமா, கெட்டியா இருக்கணும். தலகாணி, போர்வை, துணி எதுவும் பக்கத்துல கெடக்கக் கூடாது. தூளியில போடாதீங்க. கழுத்து மடங்குச்சுன்னா இம்புட்டுப் பிள்ளைக்கு மூச்சு அடைச்சுக்கும். அழுவுறதுக்குக்கூடத் தெம்பு இருக்காது, உங்களுக்குத் தெரியவே தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அழுதால் ஓடிவரலாம். அழாமலே போய்விட்டால் என்ன செய்வது?

பிள்ளை பெற்றவள் ஐந்து மாதம் தாய் வீட்டில் இருப்பது எங்கள் வழக்கம். என் மனைவியின் ஊர் அரும்பாவூருக்குப் பக்கம். மாமனார் இறந்து பல வருஷம் ஆகிறது. அத்தை, அதாவது என் மாமியார், ஒரு ஏக்கரில் கடலையும் சோளமும் போட்டு ஒற்றை ஆளாக வீட்டை நடத்துகிறவர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது நடு வீட்டில் விட்டத்திலிருந்து தூளி தொங்கிக்கொண்டிருந்தது. என் மனைவியின் பழைய நூல் சேலை, கிளிப் பச்சை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி அவிழ்த்துவிட்டேன்.

"ஏங்க, அம்மா ரெண்டு நாளா தொவச்சு வெயில்ல போட்டுக் கட்டுனதுங்க" என்றாள் மனைவி.

"நர்ஸ் சொன்னது ஒங் காதுல வுழலையா? புள்ள முக்கியமா, சேலை முக்கியமா?"

அத்தை கதவோரமாக நின்றிருந்தார். என் எதிரில் அவர் எப்போதும் கதவோரம்தான். "மாப்ள சொன்னா சரிதாங்க" என்று சேலையை வாங்கி மடித்துக்கொண்டார். அந்த வீட்டில் நான் சொன்னதை யாரும் மறுத்ததில்லை. குழம்பில் உப்பு கூடுதல் என்று நான் சொன்னால், சரியாக இருக்கிற குழம்பிலும் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே அப்படி ஒரு மரியாதை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

மறுநாளே பட்டறையில் ஆர்டர் வேலையை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு மகளுக்குக் கட்டில் செய்ய உட்கார்ந்தேன். நாலு பக்கமும் கம்பி வைத்த கட்டில். எறும்பு ஏறக் கூடாது, கோழி ஏறக் கூடாது என்று இடுப்பு உயரம். ஒவ்வொரு வெல்டிங்கையும் கிரைண்டர் போட்டு மழித்தேன். ஒவ்வொரு மூட்டிலும் பஞ்சை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், ஒரு நூல் சிக்கினால்கூட மறுபடியும் மழித்தேன். குழந்தை நக்கினால் ஆகாது என்று பெயிண்ட் அடிக்கவில்லை. அடியில் பலகை, மேலே கெட்டியான மெத்தை, நான் ஏறி நின்றாலும் அமுங்காது. பார்க்கிறவன் எல்லாம் சபாஷ் என்றான். கம்பிக்குக் கம்பி எவ்வளவு என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது, கை பழகிய அளவு.

குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நடு வீட்டில் இறக்கினோம். அத்தை கட்டிலைச் சுற்றி வந்தார். கம்பிச் சந்தில் கையை விட்டார். கை தோள் வரைக்கும் உள்ளே போனது. எடுத்தார், அடுத்த சந்தில் விட்டார். வேலைப்பாட்டை ரசிக்கிறார் என்று நினைத்து நான் பூரித்துப் போனேன்.

"எப்படி இருக்கு அத்தை?"

கையைச் சந்திலிருந்து எடுத்துக்கொண்டார். "நல்ல கனமா இருக்குங்க மாப்ள" என்றார்.

அதன் பிறகு சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையைப் பூட்டியதும் பைக்கில் பெரம்பலூர் வழியாக அங்கே போவதும், திங்கள் விடிந்ததும் திரும்புவதுமாக இருந்தேன். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்துவிட, சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளிக்கிழமையே போய் நின்றேன். கட்டிலைப் பார்த்ததும் எனக்கு உச்சி மண்டை கொதித்தது. அந்தக் கிளிப் பச்சைச் சேலையைக் கிழித்துப் பட்டை பட்டையாக, ஒரு கம்பிக்கு உள்ளே, அடுத்ததற்கு வெளியே என்று பாய் பின்னுவது மாதிரி நாலு பக்கமும் பின்னியிருந்தார்கள்.

"துணி ஆகாது, துணி ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது? அவுந்து மூஞ்சியில வுழுந்தா யார் பதில் சொல்றது?"

இழுத்து இழுத்து உருவினேன். சில இடத்தில் முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். அத்தை கீழே விழுந்ததை எல்லாம் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார். "சரிங்க மாப்ள" என்றார். மனைவி மட்டும், "கம்பி சந்து பெருசா இருக்குன்னு அம்மாவுக்குப் பயமுங்க" என்று முனகினாள். நான் சிரித்தேன். "திருடனே நுழைய முடியாத சந்து அது" என்றேன். அவளும் விட்டுவிட்டாள். தொழில்காரன் சொல்கிறானே என்று நம்பியிருப்பாள்.

அதற்குப் பிறகு நான் போகும் நாட்களில் அத்தைக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. பிள்ளை தூங்கினால் போதும், முறத்தில் விதைக் கடலையைப் போட்டுக்கொண்டு கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிடுவார். வாசலில் உட்கார்ந்து உடைக்கிற கடலையை நடு வீட்டில் உட்கார்ந்து உடைப்பார். டப் டப்பென்று ஓடு உடையும் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு தடவை கட்டில் கம்பியின் மூட்டில் பச்சை நூல் ஒன்று சிக்கியிருந்தது. பஞ்சு வைத்துப் பார்த்த மூட்டில் நூல் எப்படிச் சிக்கும் என்று அதை மறுபடி தேய்த்தேனே தவிர, அந்த நூல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயம். அந்த வாரம்தான் மகள் குப்புற விழப் பழகியிருந்தாள். ஒரு தடவை புரண்டுவிட்டால் காலை உதைத்து உதைத்துக் கட்டில் முழுக்கச் சுற்றி வருவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோழிக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு நான் பாயில் சாய்ந்திருந்தேன். மனைவி கொல்லைக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை வழக்கம்போல முறத்தோடு வந்து கட்டிலடியில் உட்கார்ந்தார்.

"அத்தை, அந்தச் சத்தத்துல புள்ள முழிச்சுக்கும். வெளிய போய் ஒடைங்களேன்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "சத்தம் வராம ஒடைக்கிறங்க" என்றார். அந்த வீட்டில் என் பேச்சுக்கு வந்த முதல் மறுப்பு அதுதான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "சொன்னாப் புரியாதா?" என்று குரலை உயர்த்தினேன். முறத்தை எடுத்துக்கொண்டு போனார். வாசலுக்குப் போகாமல், கட்டில் கண்ணில் படுகிற மாதிரி நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் கண்ணை மூடினேன்.

முறம் விழுந்த சத்தத்தில்தான் விழித்தேன். கடலை தரையெல்லாம் உருண்டு என் கன்னத்தில் வந்து இடித்தது. "என்ன அத்தை இது!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன்.

மகளின் கால், இடுப்பு, வயிறு, நெஞ்சு எல்லாம் கம்பிக்கு வெளியே இருந்தன. தலை மட்டும் உள்ளே. அத்தை மண்டி போட்டு அவள் உடம்பை இரண்டு கையிலும் ஏந்திக் கழுத்தில் கனம் விழாமல் தூக்கிப் பிடித்திருந்தார். மகளின் முகம் நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தது. வாய் திறந்திருந்தது. அழவில்லை.

நான் பாய்ந்து போய்க் கம்பியைப் பிடித்து விலக்கப் பார்த்தேன். பன்னிரண்டு எம்.எம். சதுரக் கம்பி, என் வெல்டிங். என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன், ஒரு நூல் அளவு அசையவில்லை. ரம்பம் வண்டியில் இருக்கிறதா, பட்டறையில் இருக்கிறதா என்று மூளை எங்கேயோ ஓடியது.

"கம்பிய வுடு!" என்றார் அத்தை. வுடுங்க இல்லை, வுடு. "மேல கைய வுட்டுத் தலையப் புடி. மூஞ்சிய ஒருக்களிச்சாப்ல திருப்பு. நான் உள்ள தள்றன், நீ தோள வாங்கு. இழுக்காத, வாங்கு!"

மேலே குனிந்து கையை விட்டேன். தலையைத் தாங்கினேன். அத்தை உடம்பைப் படுக்கை மட்டத்துக்குத் தூக்கி, ஒருக்களித்து, தோளை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்தார். முதலில் வலது கை வந்தது. அப்புறம் இடது. போன வழியிலேயே உடம்பு திரும்பி வந்தது. தூக்கி மார்பில் போட்டுக்கொண்டேன். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அப்புறம்தான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் வாய்விட்டு அழுதேன். கொல்லையிலிருந்து மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

பெரம்பலூருக்கு ஓடினோம். டாக்டர் கழுத்தைத் தடவி, கையைக் காலை அசைத்துப் பார்த்து, சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்து, பயமில்லை என்று அனுப்பினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி நெடுக என் உள்ளங்கை மகளின் தலைமேலேயே இருந்தது. திருடனின் தலை எனக்குத் தெரியும். தலையைவிட உடம்பு ஒல்லியாக இருக்கிற ஒரு ஜீவன் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். கிளிப் பச்சைப் பட்டைகள்.

"திங்கக் காலையில நீங்க கெளம்புனதும் அம்மா பின்னி, முடிச்சப் பூரா வெளிப்பக்கமா இறுக்கிருவாங்க. சனிக்கிழமை ஒங்க வண்டி தெருமுக்குல திரும்புற சத்தம் கேட்டதும் அவுத்துருவாங்க. ரெண்டு மாசமா இதாங்க நடக்குது."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாரத்தில் ஐந்து நாள் என் மகள் பத்திரமாகத் தூங்கியிருக்கிறாள். நான் வந்து நின்ற நாட்களில்தான் அவளுக்கு ஆபத்து இருந்திருக்கிறது. என் வண்டிச் சத்தம் கேட்டதும் என் பிள்ளையின் காவலை அவிழ்த்திருக்கிறார்கள், எனக்குப் பயந்துகொண்டு. என் ஆயுசில் அத்தனை அவமானப்பட்டதில்லை.

"ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

அவர் பழையபடி கதவோரம் போய் நின்றிருந்தார். "மாப்ளகிட்ட எப்படிங்க சொல்றது? தொழில் தெரிஞ்சவுங்க. வூட்டுக்கு வந்தவுங்க மனசு கோணிடக் கூடாதுல்ல" என்றார். பிறகு, "மத்தியானம் வாயி தவறி வா, போன்னு பேசிட்டன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு யாராவது செருப்பால் அடித்தால் தேவலை என்று இருந்தது.

அந்த வாரம் மகள் தரையில் விரிப்பில் தூங்கினாள். கட்டிலை அரியலூருக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு சந்துக்கு நடுவிலும் ஒரு கம்பி வைத்தேன். மழித்தேன், பஞ்சு வைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை மறுபடியும் குட்டியானையில் ஏற்றிப் போனேன். வண்டியிலிருந்து இறக்கி வாசலில் வைத்துவிட்டு, "அத்தை, நீங்க பாருங்க" என்றேன்.

பிள்ளை அவர் தோளில் இருந்தது. இடது கையால் அவளை அணைத்துக்கொண்டு வலது கையைச் சந்தில் விட்டார். விரல் போனது, முட்டி நின்றது. அடுத்தது. அடுத்தது. ஒரு சந்தையும் விடாமல் சுற்றி வந்தார். பின்பக்க மூலையில், கடைசிக் கம்பிக்கும் கட்டில் காலுக்கும் நடுவில், கை மணிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க அத்தை."

"இந்த மூலையில இன்னொண்ணு வைங்க மாப்ள."

தெரு ஆட்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சரிங்க அத்தை என்று கட்டிலைத் திரும்பவும் வண்டியில் ஏற்றினேன். அரும்பாவூரில் தெரிந்தவர் பட்டறையில் மிஷினைக் கேட்டு வாங்கி, அந்தக் கம்பியை வைத்துக்கொண்டு வந்தேன். அத்தை அதே இடத்தில் பிள்ளையோடு நின்றிருந்தார். மூலையில் கையை விட்டுப் பார்த்தார். முட்டி நின்றது. இன்னொரு தடவையும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கினார்.